மிச்சக் குளிசை

முத்தையன்கட்டு வாய்க்கால் கரையில் விமலேஸ்வரியைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவளுடைய போத்தலைத் தெரியாதவர்கள் கிடையாது. பழைய ஹோர்லிக்ஸ் போத்தல் அது. குசினிக் கூரை வளையில் சணல் கயிற்றில் தொங்கும். ஈரம் பிடிக்காமலிருக்க அடியில் ஒரு பிடி வறுத்த அரிசி. அதற்கு மேலே குளிசைகள். காய்ச்சலுக்கு, சளிக்கு, வயிற்றோட்டத்துக்கு, புண்ணுக்கு என்று பல நிறத்தில். ஒன்றும் வாங்கிச் சேர்த்ததில்லை. எல்லாம் மிச்சம்.

மிச்சம் எப்படி வந்தது என்று சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது. அந்த வருடங்களில் வன்னிக்குள் மருந்து வருவதென்றால் தாண்டிக்குளத்துச் சோதனைச்சாவடியில் ஆமி பார்த்து, மனம் வந்தால்தான் விடுவான். ஆஸ்பத்திரியில் டொக்டர் இருந்தால் மருந்து இருக்காது, மருந்து இருந்தால் டொக்டர் இருக்க மாட்டார். இரண்டும் கூடிவந்த ஒரு நல்ல நாளில் ஒருவருக்கு ஒரு கிழமைக் குளிசை கிடைத்தால், அந்தக் கிழமை முழுக்க விழுங்குகிறவனை ஊர் ஊதாரி என்றுதான் சொல்லும். காய்ச்சல் விடும் மட்டும் போடு. விட்டதும் நிறுத்து. மிச்சத்தை எடுத்து வை. நாளைக்கு யாருக்கு என்ன வருமோ, யார் கண்டது? ஒவ்வொரு வீட்டிலும் ஒரு போத்தலோ, பவுடர் டப்பாவோ, துணி முடிச்சோ இருந்தது.

விமலேஸ்வரி இந்தக் கலையில் கொஞ்சம் கெட்டிக்காரி, அவ்வளவுதான். நிறத்தைப் பார்த்தே எது எதற்கு என்று சொல்லுவாள். இடம்பெயர்ந்து வந்து புதிதாய்க் கொட்டில் போட்ட சனத்துக்கு, "பிள்ளையள், ஒரேயடியா விழுங்கித் துலைக்காதேங்கோ. சுகம் வந்தா நிப்பாட்டிப்போட்டு மிச்சத்தைப் பத்திரமா வையுங்கோ" என்று வாய் ஓயாமல் புத்தி சொல்லுவாள். அவளுடைய புருஷன் ஐயாத்துரை, "உதென்ன போத்தல் டொக்டர், இண்டைக்கு எத்தினை பேருக்கு வைத்தியம்?" என்று நக்கலடிப்பார். நக்கலடிக்கும் அவர்தான் அந்தப் போத்தலின் முதல் நோயாளி.

ஐயாத்துரைக்கு வயிற்று எரிவு. இன்று நேற்று வந்ததல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து தகப்பனோடு இந்தக் குடியேற்றத்திட்டத்துக்கு வந்து காடு வெட்டிய காலத்திலிருந்தே உண்டு. நெஞ்சுக்குழிக்குக் கீழே தணல் வைத்ததுபோல் எரியும். ஏப்பம் விடுவார், பச்சைத் தண்ணீர் குடிப்பார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரம்பில் குந்துவார். எரிவு கூடினால் விமலேஸ்வரி போத்தலை இறக்குவாள். புண்ணுக்குக் கொடுக்கிற, கூட்டுக்குள் தூள் அடைத்த சிவப்பும் மஞ்சளுமான கூட்டுக் குளிசை இரண்டு, வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கிற கசப்பு வெள்ளைக் குளிசை இரண்டு. அடுத்த நாளும் அப்படியே. எரிவு தணியும். தணிந்ததும் போத்தல் வளைக்கு ஏறிவிடும். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை இந்தக் கூத்து நடந்தது. அவளுக்கு அதில் பெருமைகூட இருந்தது. "ஆஸ்பத்திரிப் படி மிதிக்காமல் என்ர மனிசனைக் காப்பாத்தி வைச்சிருக்கிறன்" என்று சொல்லித் திரிந்தாள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆவணியில் போத்தல் கைவிட்டது. குளிசை போட்டும் எரிவு அடங்கவில்லை. ஐயாத்துரை மெலிந்து, கட்டிய சாரம் இடுப்பில் நிற்கவில்லை. இரண்டு வாய் சோற்றோடு வயிறு முட்டியது. மலம் தார் மாதிரிக் கறுப்பாய்ப் போனது. அதைக் கண்டபிறகு விமலேஸ்வரி பயந்தே போனாள். இந்தப் பக்கத்தில் இயக்கத்துப் பாஸ், அந்தப் பக்கத்தில் ஆமிப் பாஸ் என்று அலைந்து, புளியங்குளம் தாண்டி, தாண்டிக்குளத்து வெயிலில் வரிசையில் நின்று வவுனியா போனார்கள். வவுனியாவில் பார்த்துவிட்டுக் கொழும்பு ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். வெள்ளவத்தையில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரின் விறாந்தையில் பாய் விரித்துக் கிடந்து, அவர்களின் முகச்சுளிப்பையும் விழுங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு ஏறி இறங்கினார்கள். ஐயாத்துரையின் வாய்க்குள்ளால் குழாய் விட்டு இரைப்பையிலிருந்து சதை கிள்ளி எடுத்தார்கள்.

முடிவைச் சொன்னவள் ஒரு இளம் தமிழ் டொக்டர். புருஷன் பெண்சாதி இருவரையும் இருத்தி வைத்து ஆறுதலாகவே கதைத்தாள்.

"ஐயா, உங்கட இரைப்பையில ஒரு கிருமி குடியிருக்குது. கனகாலமா இருக்குது. அதோட சண்டைபிடிக்க உடம்பு அனுப்பின வெள்ளை அணுக்கள் அங்கயே தங்கிப் பெருகி, இப்ப கட்டியா வளர்ந்திருக்கு."

"புற்றுநோயோ, பிள்ளை?" விமலேஸ்வரி கேட்டுவிட்டாள். கேட்டபிறகு, ஏன் கேட்டோம் என்று இருந்தது.

"ஓம் அம்மா. அதில ஒரு வகைதான். பயப்பிடாதேங்கோ. இந்தக் கட்டி அந்தக் கிருமியில தங்கித்தான் வளருது. கிருமி ஒண்டும் மிஞ்சாமல் செத்தால் கட்டிக்குத் தீன் இல்லை. கன பேருக்குத் தானாக் கரைஞ்சிருக்கு. இப்ப கொஞ்ச வருசமாத்தான் இதைக் கண்டுபிடிச்சிருக்கினம். வெட்டத் தேவையில்லை, கதிர் அடிச்சுக் கறண்ட் பிடிக்கத் தேவையில்லை. குளிசைதான். இரண்டு கிழமை. ஒண்டும் விடக்கூடாது. எரிவு, நோ நிண்டாலும் நிப்பாட்டக் கூடாது. விளங்குதோ? கடைசிக் குளிசை வரைக்கும் போடோணும். பேந்து சித்திரையில வாங்கோ, திரும்பக் குழாய் விட்டுப் பாப்பம்."

"ஓம்" என்று இருவரும் தலையாட்டினார்கள். தலை ஆடியது, மனம் ஆடவில்லை. ஏனென்றால் தாதி கொண்டுவந்து வைத்த குளிசை அட்டைகளை விமலேஸ்வரி பார்த்துவிட்டாள். சிவப்பும் மஞ்சளும் கூட்டுக் குளிசை. கசப்பு வெள்ளைக் குளிசை. புதிதாய் ஒன்று மட்டும், எரிவைத் தணிக்கவாம். மற்ற இரண்டும் அவளுடைய போத்தலில் தொங்குகிற அதே சாமான்! தாதி ஒவ்வொரு அட்டையின் முதுகிலும் சிவப்புப் பேனையால் பெரிய வட்டம் போட்டு உள்ளே ஒரு கோடும் கீறினாள். காலையும் மாலையும் என்று அர்த்தமாம்.

வெளியே வந்ததும் ஐயாத்துரை, "என்னடியப்பா, புற்றுநோய்க்குப் புண்குளிசை தாறாளவை?" என்றார்.

"எங்களைப் பேக்காட்டுறாளவையோ தெரியாது. புற்றுநோயெண்டாச் சும்மா அனுப்புவினமே? சும்மா எங்கள வெருட்டுறதுக்குச் சொல்லியிருப்பாள்" என்றாள் அவள். சொல்லும்போதே நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. புண்குளிசையால் போகிற வருத்தம் புற்றுநோயாய் இருக்காது. இந்தக் கணக்கு இருவருக்கும் பிடித்திருந்தது. யாருக்குத்தான் பிடிக்காது?

தாண்டிக்குளத்தில் ஆமிக்காரன் அட்டைகளை வெளியே எடுத்துப் போட்டு, டொக்டரின் துண்டை மேலும் கீழும் பார்த்தான். பக்கத்து வரிசையில் ஒரு கிழவரின் பையிலிருந்து பறித்த மருந்தெல்லாம் மேசையில் குவிந்து கிடந்தது. விமலேஸ்வரி சன்னதி முருகனைக் கூப்பிட்டாள். எந்த முருகன் கேட்டானோ, ஆமிக்காரன் போ என்று கையைக் காட்டினான். ஓமந்தை கடக்கும் மட்டும் அந்தப் பையை அவள் மடியை விட்டு இறக்கவில்லை.

வீட்டுக்கு வந்த அடுத்த நாள் காலையில் தொடங்கினார்கள். முதல் மூன்று நாள் ஐயாத்துரைக்கு வாய் கசந்தது, வயிறு புரட்டியது. பிறகு எரிவு குறைந்தது. பிறகு இல்லாமலே போனது. ஒரு கிழமை ஆகவில்லை, மனிசன் சுளீரென்று உறைப்பாய் மீன்குழம்பு கேட்டுச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டு கதிரையில் சாய்ந்து, "விமலா, என்ர வயிறு எனக்கே இருக்கிறது தெரியேல்லை" என்றார். அவள் குசினிக்குள் போய்க் கொஞ்சம் அழுதாள். சந்தோசத்தில்தான்.

அன்று பின்னேரம்தான் சுப்பம்மா ஓடிவந்தாள்.

சுப்பம்மா வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருப்பவள். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு மலைநாட்டுத் தோட்டத்தை விட்டு இங்கே வந்த குடும்பம். ஐயாத்துரையின் வயலில் நாற்று நடுவதும் அருவி வெட்டி நெல் எடுப்பதும் அவள்தான். அவளுடைய புருஷன் பழனியாண்டி விறகு வெட்டுகிறவன். கோடாலி வழுக்கிக் கால் கிழிந்த கதை ஊருக்குத் தெரியும். கால் இப்படி வீங்கும் என்று யாருக்கும் தெரியவில்லை.

"அக்கா, கால் பூசணிக்கா மாதிரி வீங்கிருச்சுங்க. ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். மருந்து இல்லையாம். இப்பிடியே போனா காலை எடுக்கணும்னு சொல்றாங்க. ஒங்க போத்தல்ல ஏதாச்சும் இருக்குமாக்கா?"

போத்தலில் இருந்தது என்னவென்று விமலேஸ்வரிக்குத் தெரியும். வயிற்றோட்டக் குளிசை கொஞ்சம், காய்ச்சல் குளிசை கொஞ்சம். புண்குளிசையெல்லாம் ஆவணியிலேயே ஐயாத்துரையின் வயிற்றுக்குள் போய்விட்டது. மிச்சம் இருப்பது கொழும்புக் குளிசை. அது அலுமாரிக்குள், அவளுடைய கூறைச் சேலைக்குக் கீழே இருந்தது. அவள் அலுமாரிப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். டொக்டரின் குரல் காதுக்குள் கேட்டது. கடைசிக் குளிசை வரைக்கும்.

சாய்ந்து கிடந்த ஐயாத்துரை எழும்பி உட்கார்ந்தார். "ஏன் யோசிக்கிறாய்? எடுத்துக் குடு."

"அந்தப் பிள்ளை ஒண்டும் விடக்கூடாதெண்டு..."

"எனக்குத்தான் நோவில்லையே. தனக்கு மிஞ்சித்தான் தானமெண்டு சொல்லுறவை. எனக்கு மிஞ்சித்தானே கிடக்கு! அவன்ர கால் போனா அந்தக் குடும்பம் என்னத்தைத் தின்னும்?"

அவளுக்கும் அது ஞாயமாகத்தான் பட்டது. பட்டதென்ன, அவள் இத்தனை வருடம் ஊருக்குச் சொன்ன ஞாயமே அதுதானே. கூட்டுக் குளிசை அட்டைகள் அவ்வளவையும் எடுத்துச் சுப்பம்மாவின் கையில் வைத்தாள். கசப்புக் குளிசை மிஞ்சியதைப் போத்தலுக்குள் போட்டாள். சுப்பம்மா குனிந்து அவளுடைய காலைத் தொடப் போனாள். விமலேஸ்வரி அவளைப் பிடித்து நிமிர்த்தினாள்.

பழனியாண்டியின் கால் வீக்கம் வற்றியது. தை மாதம் அவன் திரும்பவும் கோடாலி எடுத்தான். ஊரில் போத்தல் டொக்டரின் மதிப்பு ஒரு முழம் கூடியது.

மாசி, பங்குனி நன்றாய்த்தான் போயின. சித்திரையில் கொழும்புக்குப் போக வேண்டும் என்று அவள் ஞாபகப்படுத்தினாள். "சுகமா இருக்கிறவனுக்கு ஏன் குழாய்?" என்று ஐயாத்துரை தட்டிக் கழித்தார். அவளுக்கும் அந்த விறாந்தையை நினைக்கக் கசந்தது. வைகாசியில் வவுனியாப் பக்கம் சண்டை வெடித்தது. தாண்டிக்குளத்துப் பாதை மூடுண்டது. ஓமந்தைச் சனம், புளியங்குளத்துச் சனம் எல்லாம் சட்டி பானையோடு உள்ளுக்குள் இறங்கியது. இனிப் போவதென்றாலும் போக ஏலாது.

ஆனி மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் ஐயாத்துரை சோற்றைப் பிசைந்துவிட்டு வாயில் வைக்காமல் இருந்தார். விமலேஸ்வரி பார்த்தாள். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.  எரிவு திரும்பிவிட்டது.

போத்தலை இறக்கினாள். கசப்புக் குளிசை கொடுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கை, கால் குச்சியாகி, வயிறு மட்டும் மேலே புடைத்தது. ஆடி முடிவதற்குள் அவருக்குச் சைக்கிளில் குந்தவும் ஏலாமல் போய்விட்டது. அவள் தனியாகவே போனாள். இடம்பெயர்ந்த ஆஸ்பத்திரி ஒன்று ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் நடந்துகொண்டிருந்தது. காயக்காரர் வாங்கில்களிலும் நிலத்திலும் கிடந்தார்கள். அவர்களையெல்லாம் கடந்து டொக்டரைப் பிடித்துக் கொழும்புத் துண்டைக் காட்டினாள். கண் சிவந்து, நித்திரையில்லாத மனிசன். ஆனாலும் துண்டை முழுக்க வாசித்தார்.

"முழுக்கப் போட்டவரோ?"

அவள் நிலத்தைப் பார்த்தாள். "அரைவாசி. நோ நிண்டிட்டுது, டொக்டர்."

"இதுக்கு முதல் எப்பவாவது இந்தக் குளிசையள் குடுத்தனீங்களோ?"

"எரிவு வரேக்க ரெண்டு மூண்டு குடுக்கிறனான். கன வருசமா."

டொக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு ஆறுதலாய் இருந்திருக்கும். "அம்மா, பாம்பை அடிச்சா முழுசா அடிச்சுக் கொல்லோணும். நீங்கள் ஒவ்வொரு தரமும் குறை உயிரோட விட்டிருக்கிறியள். தப்பினதெல்லாம் குளிசைக்குப் பழகின கிருமி. அது இருக்கும் மட்டும் கட்டி வளரும்" என்றார். பிறகு காயக்காரர் பக்கம் கையைக் காட்டினார். "என்னட்டை இருக்கிற கூட்டுக் குளிசை இவையளுக்கே காணாது. எங்கையாவது கிடைச்சாக் கொண்டுவாங்கோ. ஆளையும் கொண்டுவாங்கோ. இன்னொருக்கா முழுசாக் குடுத்துப் பாப்பம். நான் சத்தியம் பண்ண மாட்டன்."

எங்கே கிடைக்கும்? சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போதுதான் அவளுக்கு அது பட்டது. எங்கே என்ன எங்கே? ஊர் முழுக்கக் கிடக்கிறது! ஒவ்வொரு வளையிலும், ஒவ்வொரு கூரை இடுக்கிலும், அவள் சொல்லிக் கொடுத்து எடுத்து வைத்த மிச்சம் கிடக்கிறது.

இத்தனை காலமும் கொடுத்த கை அன்று ஏந்திக்கொண்டு போனது. வெட்கம் இருந்தது. தலைக்கு மேலே வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன? படலை படலையாய்ப் போய், "எங்கட மனிசனுக்கு, சிவப்பும் மஞ்சளும் கூட்டுக் குளிசை ஒண்டு ரெண்டு கிடந்தாலும் தாங்கோ" என்று கேட்டாள். சனம் இல்லையென்று சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். விபூதிப் பையிலிருந்தும், கொம்பாசுப் பெட்டியிலிருந்தும், சேலைத் தலைப்பு முடிச்சிலிருந்தும் எடுத்துத் தந்தது. வடிவம்மா என்கிற கிழவி, செத்துப்போன மகனுக்குக் கொடுத்து மிஞ்சிய குளிசையைத் தந்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எல்லாவற்றையும் கொண்டுவந்து முற்றத்தில் சுளகில் பரப்பினாள். சிலது ஒட்டி, சிலது வெளிறி, சிலது உடைந்து மா கொட்டிக் கிடந்தது. பரவாயில்லை, சேருகிறது, சேருகிறது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு நெல் கொழிப்பதுபோல் பிரித்தாள். ஐயாத்துரை உள்ளே பாயில் கிடந்தபடி கதவு இடைவெளியால் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது சுப்பம்மா வந்தாள். முகம் எல்லாம் சிரிப்பு. கையில் ஒரு பவுடர் டப்பா.

"அக்கா, என்கிட்ட கேக்காம போயிட்டீங்களே? நாங்க பத்தரமா வச்சிருக்கோமுங்க."

டப்பாவைத் திறந்து அட்டைகளை எடுத்து நீட்டினாள். முதுகில் சிவப்புப் பேனை வட்டம். உள்ளே ஒரு கோடு.

விமலேஸ்வரி கையை நீட்டவில்லை. "இது... நான் தந்ததெல்லே?"

"ஆமாங்கக்கா. அவுங்களுக்கு நாலு நாள்ல காய்ச்சல் விட்டுச்சு, வீக்கம் வத்திருச்சு. ஒடனே நிப்பாட்டிட்டேன். சுகம் வந்தா நிப்பாட்டிட்டு மிச்சத்தப் பத்தரமா வைன்னு நீங்கதானே சொல்லுவீங்க? கூரையில சொருகி வச்சிருந்தேன். மழையில கொஞ்சம் நனைஞ்சிருச்சு. ஆனா ஒண்ணுகூட வீணாக்கலக்கா."

அட்டைக்குள் குளிசைகள் கரைந்து ஒட்டிச் சேறாய் இருந்தன. அவருக்கும் போகாமல், அவனுக்கும் போகாமல், இத்தனை மாதம் கூரையில் சொருகிக் கிடந்திருக்கிறது. வாய்க்காலைத் தாண்டினால் எட்டிப் பிடிக்கிற தூரத்தில். விமலேஸ்வரிக்குச் சுப்பம்மாவின் கன்னத்தில் அறைய வேண்டும்போல் இருந்தது. அந்தக் கையைத் தன் கன்னத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றும் தெரிந்தது. "நல்ல காரியம் செய்தாய், சுப்பம்மா" என்றாள். சுப்பம்மா சந்தோசமாய்ப் போனாள்.

உள்ளேயிருந்து ஐயாத்துரை சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. சிரிப்பில்லை. "எல்லாம் உன்ர படிப்பு. நீதான் எடுத்துக் குடுத்தனி" என்றார்.

"நீங்கள்தானே குடு எண்டனீங்கள்!"

"நான் விசரன். உனக்கு எங்கை போச்சுது புத்தி?"

கலியாணம் செய்த நாளிலிருந்து அவர்கள் சண்டை பிடிக்காதவர்கள் இல்லை. ஆனால் இப்படி ஒருவரை ஒருவர் வெறுத்துப் பார்த்தது அன்றுதான். அவர் சொன்னதும் உண்மை, அவள் சொன்னதும் உண்மை. உண்மை இரண்டும் ஒன்றுக்கும் உதவவில்லை.

மறுநாள் மண்ணெண்ணெயில் ஓடுகிற ஒரு உழவு மெசினில் வைக்கோல் பரப்பி அவரைக் கிடத்திக் கொண்டுபோனார்கள். டொக்டர் முதலில் சுளகுக் குளிசைகளைப் பார்த்தார். சுப்பம்மாவின் அட்டைகளையும் வெளிறியவற்றையும் எறிந்தார். நல்லவற்றை ஒரு உறைக்குள் போட்டார். "இது ஒருத்தருக்கு இரண்டு கிழமைக்கு முழுசாக் காணும்" என்றார்.  பிறகு அவர் ஐயாத்துரையின் வயிற்றை அமத்தினார். கழுத்தடியையும் கக்கத்தையும் தடவினார். நிறைய நேரம் தடவினார். அவளை வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்.

"அம்மா, கட்டி இப்ப வேற மாதிரி மாறியிட்டுது. முந்தி அது கிருமியில தங்கி நிண்ட கட்டி. இனி அது ஆரின்ர சொல்லும் கேளாது, தானா வளரும். கிருமி செத்தாலும் கட்டி நிக்காது. புற்றுநோய் ஊசி போடோணும், அது கொழும்பில. பாதை..." அவர் வசனத்தை முடிக்கவில்லை. முடிக்க என்ன இருக்கிறது? உறையை அவளுடைய கையில் வைத்தார். "இதைப் பழுதாக்காதேங்கோ. ஆருக்கும் உதவும்."

ஐயாத்துரைக்கு அவள் சொல்லவில்லை. அவருக்கு விளங்கியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் கையை நீட்டினார். "தா."

"டொக்டர் என்ன சொன்னவரெண்டால்..."

"அவன் கிடக்கிறான். எல்லாத்தையும் தா. ஒண்டும் விடாமல் போடுறன். முருகனாணை கடைசி மட்டும் போடுறன், விமலா."

கால் போகவிருந்தவனுக்குத் தானம் செய்த மனிசன் அன்று ஒரு குளிசைக்காகப் பிச்சைக்காரன் மாதிரிக் கெஞ்சினார். பயத்துக்கு முன்னால் பெருந்தன்மை எங்கே நிற்கும்! அவள் ஒன்றை உடைத்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவினாள். விழுங்கினார். விழுங்கிய கையோடு வாந்தி எடுத்தார். பாயில் கிடந்த மஞ்சளைப் பார்த்துப் பார்த்து அழுதார். அதன்பிறகு கேட்கவில்லை.

ஐப்பசி மழையில் ஐயாத்துரை போனார். கடைசி நாட்களில் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். அன்றைய சண்டையைப் பற்றி இருவரும் கதைக்கவில்லை. அது தீர்ந்துபோனதால் அல்ல, நேரம் போதாததால்.

ஈர விறகில் சிதை பற்றாது என்று காய்ந்த பாலை மரமாய்ப் பார்த்துக் கொத்தியவன் பழனியாண்டி. முற்றத்தில் பெண்கள் ஒப்பாரி வைத்து அழ, நடுவில் இருந்த விமலேஸ்வரியின் கண் அவனுடைய காலில் விழுந்தது. இழுத்து இழுத்து நடந்தான். பழைய காயத்தில் துணி சுற்றியிருந்தான். துணி நனைந்திருந்தது, மழையில் அல்ல. அவள் அழுகையை நிறுத்திவிட்டு அந்தத் துணியையே பார்த்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் விறைத்துப்போனாள் பாவம் என்றார்கள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடியவில்லை. சாவுத் துடக்கு வீட்டுக்காரி படலையைத் தாண்டக் கூடாது, அதிலும் தாலி கழற்றியவள் அடுத்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. விமலேஸ்வரி விடியக்காலையில் உறையை எடுத்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டினாள். ஊர் பார்த்தது. பார்க்கட்டும் என்று போனாள். சுப்பம்மா பதறிப்போய், "ஐயோ அக்கா, நீங்க வரலாமா?" என்று தடுக்க வந்தாள். அவளை விலக்கிக்கொண்டு உள்ளே போய், பழனியாண்டியின் கால்துணியை அவிழ்த்துப் பார்த்தாள். உள்ளே அழுகல் மணத்தது.

காலையிலும் போனாள், மாலையிலும் போனாள். குளிசையைத் தன் கையாலேயே கொடுத்து, தண்ணீர் கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள். உறையை ஒருநாளும் அங்கே விட்டுவிட்டு வரவில்லை. சீழ் நின்றது. காய்ச்சல் நின்றது. புண் வாய் மூடியது. அவள் போவது நிற்கவில்லை. மனிசன் செத்த கவலையில் மண்டை குழம்பிவிட்டது என்று சிலர் சொன்னார்கள். கூடாத கதையும் சிலர் கதைத்தார்கள். 

கடைசிக் குளிசையோடு போன அன்று பழனியாண்டி முற்றத்தில் நின்று விறகு கொத்திக்கொண்டிருந்தான். காலில் வடு மட்டும்தான். சுப்பம்மா வெளியே வந்து, மெதுவாய்ச் சிரித்து, தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அக்கா, கால் சுத்தமா ஆறிப்போச்சுங்களே. இந்த ஒண்ணையாச்சும் எடுத்து வச்சுக்குவோம். நாளைக்கு யாருக்காச்சும் ஒதவும்ல?"

விமலேஸ்வரி அவளைப் பார்க்கவில்லை. உறையைக் கவிழ்த்துக் குளிசையை உள்ளங்கையில் எடுத்தாள். 

"பழனியாண்டி அண்ணை," என்றாள், "வாயைத் திறவுங்கோ."